பாலாடையும் புட்டியும்

சீர்காழிக் குளக்கரையில் பசித்து அழுத குழந்தைக்கு உமையம்மை ஞானப்பால் ஊட்டிய வரலாற்றை அறியாத தமிழர் இலர். ஆயினும் அதில் அடங்கியுள்ள ஒரு சிறு செய்தி பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. அம்மை அப்பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி ஊட்டினாள் என்பதே மரபு. மார்பில் அணைத்துக் கொடுக்காமல் கிண்ணத்தில் கொடுத்தது ஏன் என்று அம்மையை எவரும் வினவியதாகச் செய்தி இல்லை. மானிடத் தாய்மார்க்கு அத்தகைய சலுகை எக்காலத்தும் கிட்டியதில்லை. கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிடினும் குற்றம். கொடுக்கும் முறையிலும் குற்றம் காண்பதற்கு ஊரார் ஆயத்தமாகவே இருந்து வந்துள்ளனர். அக்குற்றச்சாட்டின் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைக் காலத்தில் எல்லாத் தாயரும் தாமே பாலூட்டினர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது முழு உண்மையன்று. சங்க அகப்பாடல்களில் ஈன்ற தாய் 'நற்றாய்' எனவும், வளர்த்த தாய் 'செவிலி' எனவும் பிரித்தே பேசப்படுகின்றனர். மகளுக்காக மிகுதியும் புலம்புபவள் செவிலியே. வடபுலத்தில், மேவாரின் இளவரசன் உதயசிங்கனைக் காப்பதற்காகத் தன் சொந்த மகனைப் பலிகொடுத்த பன்னா என்னும் பாலூட்டும் தாயின் கதையை இராசபுதனத்து மக்கள் இன்றும் போற்றுவர். போற்றட்டும். ஆனால் செல்வர் வீட்டுக் குழந்தைக்குப் பாலூட்டச் சென்ற ஏழைத் தாயின் சொந்தக் குழந்தை எதை உண்டது என்னும் வினாவை அக்கதை நம் முன் நிறுத்திவிடுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னையிலும் பம்பாயிலும் வெள்ளையர் இல்லங்களில் பாலூட்டப் பணியமர்த்தப்பட்ட பெண்களுக்கு 'ஆமா' என்று பெயர். போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த சொல் அது. துரைமார் வீட்டுக் கணக்கில் அவளுடைய சம்பளம் எழுதப்பட்டது. அவள் குடிசையில் அழுத குழந்தையின் கணக்கை எழுதியவர் எவரும் இலர்.

பழையன எல்லாம் பொன் என்றும் கூறிவிட இயலாது. பிள்ளை பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ 'சேனை' வைப்பது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். சேனை வைப்பவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கையால், குடும்பத்தில் யார் சேனை வைப்பது என்று சண்டைகூட மூண்டதுண்டு. சுசுருத சங்கிதையும் முதல் நாள்களில் தேனும் நெய்யும் தரச் சொல்கிறது. நோயை எதிர்க்கும் ஆற்றல் மிகுந்த அச்சீம்பாலே குழந்தையின் முதல் தடுப்பு மருந்து என்று மருத்துவம் பின்னாளில் கண்டது. எனவே முதன்முதலில் தாயின் மார்புக்கும் குழந்தையின் வாய்க்கும் இடையே குறுக்கிட்டவர்கள் வெளிநாட்டு வணிகர்கள் அல்லர். நம் வீட்டுப் பெரியவர்களே.

வணிகர் வந்த கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. செருமானிய வேதியியல் அறிஞர் லீபிக், 1865ஆம் ஆண்டில் கோதுமை மாவு, முளைதானிய மாவு, பசும்பால், சிறிது பொட்டாசியம் பைகார்பனேட் ஆகியவற்றைச் சேர்த்துத் தாய்ப்பாலுக்கு மாற்று ஒன்றைச் சமைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1867இல், சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் என்ரி நெஸ்லே என்பார் பால், கோதுமை மாவு, சர்க்கரை ஆகியவை கலந்த மாவு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நெஸ்லே என்னும் சொல் அவருடைய வட்டார மொழியில் சிறு கூட்டைக் குறிக்கும். கூட்டில் குஞ்சுகளுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையையே அவர் தம் வணிக முத்திரையாக வைத்துக்கொண்டார். இன்று நம் வீட்டு முதியோர் பருகும் ஆர்லிக்சும் 1873இல் அமெரிக்காவில் ஆர்லிக் சகோதரர்கள் தொடங்கிய குழந்தை உணவுத் தொழிலிலிருந்து வந்ததுதான். நியூசிலாந்தின் பால்பண்ணைகளில் எஞ்சிய பாலை உலர்த்தி விற்கப் புறப்பட்ட நிறுவனம் 'கிளாக்சோ' என்ற பெயரைச் சூடியது. அந்தக் கிளாக்சோ மாவை இந்தியாவில் விற்பதற்கென்றே 1924இல் பம்பாயில் ஒரு கம்பெனி பதிவாயிற்று. கொழுகொழுவென்ற குழந்தையைக் கண்டால் 'கிளாக்சோ பேபி' என்று சொல்லும் வழக்கம் நம் பாட்டிமார் வாயிலும் புகுந்துவிட்டமை, விளம்பரத்தின் வெற்றிக்கு ஒரு சான்று.

மாவு மட்டும் வரவில்லை. அதனுடன் கடிகாரமும் வந்தது. நியூசிலாந்தின் டாக்டர் டுரூபி கிங் தாய்ப்பாலை வற்புறுத்தியவர்; அதில் ஐயமில்லை. ஆனால் நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறைதான் ஊட்டவேண்டும், இரவில் ஊட்டவே கூடாது, இடையில் அழுதால் அழட்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. இது பேரரசின் நாடுகள் பலவற்றிலும் செவிலியர் பாடமாகப் பரவியது. பால் சுரக்கும் இயல்பை அறிந்தோர் இதிலுள்ள பிழையை எளிதில் உணர்வர். மார்பகம் நீர் நிரப்பி வைக்கும் தொட்டியன்று. குழந்தை சுவைக்கச் சுவைக்கத்தான் பால் ஊறுகிறது. கடிகாரம் பார்த்து ஊட்டினால் சுவைத்தல் குறையும்; சுவைத்தல் குறைந்தால் சுரப்பும் குறையும்; குறைந்ததைக் கண்டு ஒரு புட்டி கொடுத்தால் குழந்தை வயிறு நிறைந்து உறங்கிவிடும்; மறுநாள் பால் இன்னும் குறையும். "எனக்குப் பால் போதவில்லை" என்று கண்ணீர் உகுத்த தாயருள் பலர் உண்மையில் அவ்வாறு பால் வற்றச் செய்யப்பட்டவர்களே. குறை தன் உடலில் என்று அவள் நம்பினாள், சுற்றத்தாரும் நம்பினர்.

இவ்விடத்தில் ஒரு பெண்மணியை நினைவுகூர்தல் கடமையாகும். ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஆப்பிரிக்காவின் கோல்டுகோஸ்டில் பணியாற்றியபோது, முலை மறந்த குழந்தைகளைக் கொல்லும் குவாஷியார்கர் நோயை 1930களில் மருத்துவ உலகுக்கு விளக்கியவர். பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். ரப்பர்த் தோட்டங்களில் நம் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பால்வெட்டிக்கொண்டிருந்த மலாயா அது. அங்கே செவிலியர்போல் உடையணிந்த பெண்கள், இனிப்பிட்ட டின்பாலே குழந்தைக்கு ஏற்றது என்று தாயரிடம் சொல்லி விற்று வருவதை அவர் கண்டார். கொழுப்பு நீக்கிய அவ்வகைப் பாலில் வைட்டமின் ஏ, டி இரண்டும் மிகக் குறைவு. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பு 'பாலும் கொலையும்'. தவறான உணவால் நேரும் குழந்தை இறப்புகளைக் கொலை என்றே கருதவேண்டும் என்று, வணிகப் பெருமக்கள் கூடியிருந்த அவையிலேயே அவர் கூறினார். அவர் சாடியது விற்றவரையும் அதற்குத் துணைநின்ற மருத்துவத் துறையையுமே. வாங்கிய தாயை அவர் சாடவில்லை. இந்த வேறுபாட்டைப் படிப்போர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விடுதலைக்குப் பின் டின்பால் வேறொரு கோலம் பூண்டது. வெளிநாட்டு மாவுக்கு அந்நியச் செலாவணி கரைகிறதே என்ற கவலை அரசுக்கு. எருமைப்பாலை மாவாக்க முடியாது என்று மேனாட்டு வல்லுநர் கூறிவந்தனர். 1955ஐ ஒட்டி ஆனந்தில் தலாயா என்னும் பொறியாளர் அதனைச் செய்து காட்டினார். எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ ஏழு விழுக்காடு. தாய்ப்பாலில் நூறு மில்லி லிட்டருக்குப் புரதம் ஒரு கிராம் அளவே. விலங்கின் பாலில் அது மூன்று மடங்குக்கு மேல். இவற்றைக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும்படி மாற்றும் முறையை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்தனர். அமுல் பால்மாவு பிறந்தது. அது ஒரு தேசிய வெற்றி. அதனைக் குறைத்துப் பேசுவது நன்றியின்மையாகும். தாயை இழந்த குழந்தைக்கும், தாய் நோயுற்ற குழந்தைக்கும் அது உயிர் காத்தது. ஆயினும் தேசிய வெற்றி என்ற பெருமையோடு வந்த பொருளை வேண்டாமென்று சொல்லும் துணிவு எந்தத் தாய்க்கு வரும்? படித்தவர் வீட்டு அடையாளம், நகர வாழ்க்கையின் அடையாளம் என்றெல்லாம் அந்த டின் அலமாரியில் வீற்றிருந்தது. தட்டுப்பாடு வந்த காலங்களில் அதற்காக வரிசையில் நின்ற தந்தையரும் பலர்.

தலைநகரில் குடியேறிய நம்மவர் நிலையைத் தனியே கூறவேண்டும். ஊரில் என்றால் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு செல்வாள். பூண்டும் பால்சுறாவும் முருங்கைக்கீரையும் பிள்ளைப்பேற்று லேகியமும் ஒருபுறம். எப்படி அணைப்பது, எப்படித் தோளில் சாய்த்து ஏப்பம் விடச்செய்வது என்று சொல்லித்தரும் நான்கு முதிய பெண்கள் ஒருபுறம். ஜி.டி. எக்ஸ்பிரசில் இரண்டு இரவு பயணம் செய்து வந்து அரசுக் குடியிருப்பின் இரண்டு அறை வீட்டில் வாழ்ந்தவளுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. என் தாயார் அத்தகையோருள் ஒருவர். அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகப் பணியாற்றினார். 1980இல் நான் பிறந்தபோது அவருக்குக் கிட்டிய பேறுகால விடுப்பு மூன்று மாதம். விடுப்பு முடிந்ததும் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் என்னையும் ஒரு புட்டியையும் ஒப்படைத்துவிட்டுப் பேருந்து ஏறினார். மாலையில் திரும்பும்போது பால் கட்டி, காய்ச்சலோடு வந்த நாள்கள் உண்டு என்று பின்னாளில் சொன்னார். ஊரிலிருந்து பாட்டியார் எழுதிய கடிதங்களில், சம்பளத்துக்காகப் பிள்ளைக்கு மாட்டுப்பால் கொடுக்கிறாள் என்ற குத்தல் தவறாமல் இருக்குமாம். அந்த டின் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. புளி போட்டு வைத்திருக்கிறோம்.

நான் புட்டி குடித்து வளர்ந்த அந்த ஆண்டுகளில்தான் உலக அரங்கில் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. 1974இல் இலண்டனில் 'வார் ஆன் வான்ட்' என்ற அமைப்பு மைக் முல்லர் எழுதிய சிறுநூலை வெளியிட்டது. ஏழை நாடுகளில் தூய நீர் இல்லை, எரிபொருள் இல்லை, டின் விலையோ கட்டுப்படியாகவில்லை. எனவே நான்கு நாளைக்கு வரவேண்டிய மாவைத் தாய் பத்து நாளைக்கு நீட்டுகிறாள். கிருமி கலந்த வெள்ளைத் தண்ணீரைக் குழந்தை குடிக்கிறது. இதுவே அதன் சாரம். சுவிட்சர்லாந்தில் சிலர் அதனை மொழிபெயர்த்து, நிறுவனத்தின் பெயரைக் கூறி அது குழந்தைகளைக் கொல்கிறது என்று தலைப்பிட்டனர். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1976இல் பெர்ன் நகர நீதிபதி, தலைப்பு அவதூறு என்று தீர்ப்பளித்து, பதின்மூவருக்குத் தலைக்கு முந்நூறு பிராங்கு அபராதம் விதித்தார். அதே மூச்சில், நிறுவனம் தன் விளம்பர முறையை மறு ஆய்வு செய்யவேண்டும் என்றும் கூறினார். வென்றவர் தலைகுனிந்த வழக்கு அது. 1977இல் அமெரிக்காவில் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. 1981 மே 21ஆம் நாள் செனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான பன்னாட்டு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. ஆதரவாக 118 வாக்குகள்; எதிராக ஒன்று. அந்த ஒன்று அமெரிக்காவினுடையது.

இந்தியா 1983இல் தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்தது. நெறிமுறைக்கு வணிகர் எவ்வளவு மதிப்பளிப்பர் என்பது தெரிந்ததே. எனவே 1992இல் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பாற்புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டு, 1993 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2003இல் திருத்தப்பட்டு மேலும் கடுமையாயிற்று. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. இலவச மாதிரி தரக்கூடாது. டின்னில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கக்கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்னும் அறிவிப்பு இருக்கவேண்டும். மருத்துவருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் அன்பளிப்புக் கூடாது. முதன்மையான விதிகளை மீறினால் மூன்றாண்டு வரை சிறை. கோப்புகளுக்கிடையே வாழ்பவன் என்ற முறையில் இச்சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்திருக்கிறேன். அதில் தயாரிப்பவர்க்குத் தடை உண்டு. விற்பவர்க்குத் தடை உண்டு. மருத்துவமனைக்குத் தடை உண்டு. ஆனால் புட்டிப்பால் கொடுக்கும் தாயைத் தண்டிக்கும் பிரிவு ஒன்றுகூட இல்லை. சட்டம் இயற்றியவர்கள் சிசிலி வில்லியம்சைப்போல் நோக்கினர். நாம் அவ்வாறு நோக்கினோமா?

2012இல் என் மனைவிக்கு இந்நகரின் ஒரு மருத்துவமனையில் அறுவை மூலம் முதற்குழந்தை பிறந்தது. முதல் இரண்டு நாளும் பால் சரிவரச் சுரக்கவில்லை. தையல் வலியில் எழுந்து உட்காரவும் அவளால் இயலவில்லை. அழுத குழந்தைக்கு என் தாயார் கடையிலிருந்து டின் வாங்கி வரச்செய்து கரைத்துக் கொடுத்தார். அதைக் கண்ட செவிலி ஒருத்தி டின்னைப் பறித்துச் சாளரத்தின்மேல் வைத்துவிட்டு, படித்தவள்தானே, பெற்ற பிள்ளைக்கு நஞ்சு கொடுக்கலாமா என்று எல்லார் முன்னிலையிலும் இந்தியில் வினவினாள். சுவரில் ஏழு மொழியில் தாய்ப்பாலின் பெருமை ஒட்டியிருந்தது. குழந்தையை எவ்வாறு மார்பில் பொருத்துவது என்று சொல்லித்தர மட்டும் அந்த இரண்டு நாளில் ஒருவரும் வரவில்லை. செவிலி சொன்ன கருத்தில் பிழையில்லை. முப்பதாண்டுக்கு முன் என் தாயாருக்குப் பாட்டியார் எழுதியதிலும் முழுப் பிழையில்லை. ஆனால் இரண்டு முறையும் குற்றவாளிக் கூண்டில் நின்றவள் ஒருத்தியே.

இது எம் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நூற்றுக்கு 88க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றவை நூற்றுக்கு 42க்குச் சற்றுக் குறைவு. மருத்துவமனைக் கட்டிலிலேயே அந்த முதல் மணி நேரம் தவறிப்போகிறது என்றால், அதற்கு மயக்கம் தெளியாமல் படுத்திருப்பவளா பொறுப்பு? நம் தமிழகத்தில் அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேறுகள் அறுவை வழியே நிகழ்ந்தவை. பெருமை பேசும் நாம் இந்த எண்ணையும் பார்த்துக்கொள்வது நல்லது.

காலத்தைக் கொடுக்காமல் பாலைக் கேட்பது நம் சமுதாயத்தின் நெடுநாளைய பழக்கம். 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த மருத்துவ அறிக்கைகள், ஆலைக்குச் செல்லும் தாயர் குழந்தைகள் அழாமல் உறங்குவதற்காக அபின் கலந்த 'பாலகோலி' மாத்திரை கொடுத்துச் சென்றதைப் பதிவு செய்துள்ளன. அந்தத் தாயரை அரக்கியர் என்று ஏசுவது எளிது. அம்பேத்கர் ஏசவில்லை, 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1929இல் அது சட்டமாயிற்று. நாடு முழுமைக்குமான 1961ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு வார விடுப்பும், பணிக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தை பதினைந்து மாதம் நிறையும்வரை நாளில் இருமுறை பாலூட்ட இடைவேளையும் வகுத்தது. இடைவேளை வகுத்தவர்கள் குழந்தை எங்கே இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை போலும்! ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற விதியும், இருபத்தாறு வார விடுப்பும் வர 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001இலேயே சொல்லிவிட்டது. ஆறு மாதம் கொடு என்ற அறிவுரைக்கும் ஆறு மாதம் வீட்டில் இரு என்ற அனுமதிக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். வயலிலும் கட்டட வேலையிலும் வீட்டுவேலையிலும் நாட்கூலி பெறும் பெண்களுக்கு இந்த அனுமதியும் ஏட்டளவில்தான்.

மத்திய அரசுப் பெண் ஊழியர்க்கு 1997இல் 135 நாளாகவும், 2008இல் 180 நாளாகவும் விடுப்பு உயர்ந்தது. அவ்விடுப்பு விண்ணப்பங்களைப் பரிசீலித்து மேலதிகாரிக்கு வைப்பது என் மேசையின் வேலை. 2012இல் தனியார் பள்ளி ஆசிரியையான என் மனைவிக்குக் கிடைத்ததோ பன்னிரண்டே வாரம். பகலில் பிறர் மனைவியர்க்கு ஆறு மாதம் குறிப்பெழுதிவிட்டு, மாலையில் வீடு சென்று, நாளை பள்ளி திறக்கிறதே என்று கலங்குபவளிடம் என்ன சொல்வது? 'ஆண் ஊழியர்க்குப் பதினைந்து நாள்' என்னும் விதியின்கீழ் நான் எடுத்த விடுப்பும் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவனாவேன். பணி மாறி வந்த வேறொரு செவிலி, நாகர்கோவில் பக்கத்தவர். சாளரத்தின் மேலிருந்த டின்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, குழந்தையை அருகில் கிடத்தி, வாயை எவ்வாறு அகலத் திறக்கச்செய்வது என்று காட்டினார். குழந்தை சோர்ந்து சுவைக்காதபோது பாலைக் கையால் பீய்ச்சச் செய்து, நீண்ட மூக்குடைய ஒரு சிறு எவர்சில்வர்க் கிண்ணத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஊட்டினார். புட்டியைவிட இதனைக் கழுவுவதும் கொதிக்கவைப்பதும் எளிது என்பதால் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இதையே பயன்படுத்துவதாகக் கூறினார். அங்கும் அதற்குப் பெயர் பாலாடைதான். வடநாட்டு மருத்துவரும் அப்படியே சொல்கின்றனர் என்றார். ஐந்தாம் நாள் டின் திறந்தபடியே வீட்டுக்கு வந்தது. பள்ளி திறந்தபின் பகல்வேளைகளில் அதுவும் உதவியது.

என் தாயார் அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பகோணத்திலிருந்து சீராக வந்த வெள்ளிப் பாலாடை ஒன்று அவருடைய இரும்புப் பெட்டியில், துணி சுற்றியபடி, முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கிடந்தது. டெல்லியில் இதையெல்லாம் வெளியே எடுத்தால் பட்டிக்காடு என்பார்களே என்று அவர் அதனை எடுக்கவே இல்லையாம்.

"உனக்கு இதிலே கொடுத்திருக்கலாமேடா, ராத்திரி பாலை எடுத்து வச்சுட்டுப் போயிருக்கலாமே. எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்.